நெருஞ்சி முள்ளு, இட்டேரி, செம்மண்ணு: எம்டிபி (மவுண்டன் பைக்) கேள்வி பதில்

வணக்கமுங்க. இந்த மாசம் பதில் சொல்ற முறை எனக்கு. காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கம் மண்ணுத் தடத்துல, இட்டேரியில (ரெண்டு பக்கமும் வேலி வெச்ச வண்டித் தடம்) கிளப்போட 11 வருசமா ஓட்டறேன், சின்னச் சின்ன ரேஸ்ல கலந்துக்கறேன், திண்ணையில உக்காந்து நாலு பேரு வண்டிய கழட்டி மாட்டறேன். அதுல தெரிஞ்சத சொல்றேன். டவுன்ஹில், பெரிய ஜம்ப் பத்தியெல்லாம் அத ஓட்டறவங்ககிட்ட கேளுங்க.

கேள்வி (பல்லடம்): அண்ணா, ஒரு ரைடுக்கு ரெண்டு பஞ்சர் ஆகுது, டயர் புதுசுதான். எல்லாமே நெருஞ்சி. என்ன பண்றது?

தம்பி, நம்ம பக்கம் ஓட்டறவனுக்கு மொத எதிரி ஏத்தமும் இல்ல, வெயிலும் இல்ல, நெருஞ்சிதான். அந்தக் காய் காஞ்சா அஞ்சு துண்டா பிரியும், ஒவ்வொரு துண்டுலயும் ரெண்டு பெரிய முள்ளு, எப்படி விழுந்தாலும் ஒண்ணு மேல பாத்து நிக்கும். டயர் புதுசா இருந்தாலும் மேல இருக்கற ரப்பர் கட்டைக்கு நடுவுல மெலிசுதான், அதுல ஏறிரும்.

டியூப்லெஸ்ஸுக்கு மாறிருங்க. டியூப் இல்லாம டயர்லயே காத்து நிக்கும். 29 இஞ்ச் டயருக்கு 100 மில்லி சீலன்ட், அதாவது ஓட்டைய அடைக்கற ரப்பர் பால், உள்ள ஊத்தோணும். போன வாரம் ஊதியூர் பக்கம் போயிட்டு வந்து முன் டயர்ல எண்ணுனேன், 14 முள்ளு. ஒவ்வொண்ணா புடுங்கப் புடுங்க உஸ்ஸுனு காத்து வருது, வெள்ளையா ஒரு சொட்டு நொரைச்சுட்டு எட்டிப் பாக்குது, ஓட்டைய கீழ பாத்தாப்ல திருப்பி வெச்சா பத்து எண்றதுக்குள்ள நின்னுருது. ஆனா நம்ம வெயிலுக்கு சீலன்ட்ல இருக்கற தண்ணி வத்தி வெறும் ரப்பர் தோலாட்டம் ஆயிரும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, பங்குனி சித்திரையில ஆறு வாரத்துக்கு ஒருக்கா திறந்து பாருங்க. வண்டிய குலுக்குனா உள்ள தண்ணி ஆடற சத்தம் கேக்கோணும். கேக்கலைன்னா ஊத்தோணும்.

இன்னொண்ணு யாரும் சொல்லித் தர்றதில்ல. வெங்கச்சாங்கல் (கூரான வெள்ளைக்கல்லு) டயர கிழிச்சு சீலன்ட் நிக்காம போச்சுன்னா டியூப் போடத்தான் வேணும். போடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் ஒரு துணிய வெச்சு சுத்தித் தடவுங்க. இத்தன நாளா சீலன்ட் அடைச்சு வெச்ச முள்ளெல்லாம் உள்ள நீட்டிட்டு நிக்கும், அத எடுக்காம டியூப் போட்டா பத்தடி போறதுக்குள்ள மறுபடியும் பஞ்சர்.

கேள்வி (ஈரோடு): 30 ஆயிரத்துக்குள்ள நல்ல எம்டிபி எதுங்ணா?

கம்பெனி பேரு வேண்டாம், பாக்க வேண்டியத சொல்றேன். மொத பின் சக்கரம் ஃப்ரீவீலா கேசட்டான்னு கேளுங்க. ஃப்ரீவீல்னா பல்லுச்சக்கரத்த ஹப்புல (சக்கரத்தோட நடுவுல) திருகி மாட்டிருப்பாங்க, பேரிங் உள்ள தள்ளி இருக்கும், அச்சுக்கு அந்தப் பக்கம் தாங்கல் இல்ல, மண்ணுத் தடத்துல குதிச்சுட்டே இருந்தா ஒரு நாளைக்கு அச்சு வளையும் இல்ல ஒடையும். கேசட்னா பல்லுச்சக்கரத்த ஹப்போடவே வர்ற உருளை மேல சொருகிருப்பாங்க, அந்த பேரிங் ஓரத்துக்கே வந்துருது. அடுத்தது ஆயில் அழுத்தத்துல புடிக்கற ஹைட்ராலிக் டிஸ்க் ப்ரேக். அப்பறம் உங்க உயரத்துக்கு ஏத்த ஃப்ரேம், இதுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. முன்னாடியும் பின்னாடியும் ஸ்பிரிங் வெச்சு இந்த வெலைக்கு வர்ற வண்டி வேண்டவே வேண்டாம், கனம், நீங்க மிதிக்கற சத்துல ஒரு பங்க அந்த ஸ்பிரிங்கே தின்னுரும்.

கேள்வி (குன்னூர்): கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் எறங்கும்போது ப்ரேக்குல நாத்தம் வருது, லீவர் மெத்துமெத்துனு உள்ள போகுது. பயமா இருக்குங்க.

பயப்பட வேண்டியதுதான். நீங்க எறக்கம் முழுக்க லீவர லேசா புடிச்சுட்டே வர்றீங்க. சூடு ஆற நேரமே கெடைக்கல, பேட் கருகுது, ப்ரேக் ஆயில் கொதிச்சு ஆவிக் குமிழி வருது, குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது, அதனாலதான் மெத்துனு ஆகுது. வளைவுக்கு முன்னாடி ரெண்டு ப்ரேக்கையும் நல்லா அழுத்தி வேகத்தக் கொறைங்க, வளைவுல விட்டுருங்க. நேர் ரோட்டுல டிஸ்க்குக்கு காத்துப் படட்டும். நாத்தம் வந்தா ஓரமா நின்னு ஆற விடுங்க, சூட்டோட தண்ணி ஊத்துனா டிஸ்க் கோணிக்கும். ஆயில் மாத்தும்போது மினரல் ஆயில் வண்டிக்கு மினரல் ஆயில், டாட் (DOT) ப்ரேக் ஃப்ளூயிட் வண்டிக்கு டாட். மாத்தி ஊத்துனா உள்ள இருக்கற ரப்பரெல்லாம் ஊறிக் கெட்டுரும்.

இந்த வெளையாட்டே ப்ரேக் சூட்டுல பொறந்ததுதான்னு எனக்கு ஒரு நெனப்பு. 1970கள்ல கலிபோர்னியா மரின் மலைப்பக்கம் பசங்க பழைய கனமான சைக்கிள்ல மண்ணு ரோட்டுல எறங்குவாங்க, பின் ஹப்புலயே ப்ரேக். கீழ வர்றதுக்குள்ள அந்தச் சூட்டுல ஹப் கிரீஸ் புகைஞ்சே போயிரும், ஒவ்வொரு தடவையும் கழட்டி புதுசா கிரீஸ் அடைக்கோணும். அப்படி திருப்பி அடைக்கறதுனாலயே 1976ல அங்க ஆரம்பிச்ச ரேஸுக்கு ரீபேக்னு பேரு வந்துது. இருவது வருசத்துல, 1996 அட்லாண்டாவுல, மவுண்டன் பைக் ஒலிம்பிக்குக்குப் போயிருச்சு.

கேள்வி (திருப்பூர்): பட்ஜெட் 25 ஆயிரம், எந்த வண்டி வாங்கலாம்?

மேல ஈரோட்டுக்காரருக்கு சொன்னதேதான்.

கேள்வி (சேலம்): மொத எக்ஸ்சிஓ ரேஸ். நாலு லேப்புல மூணாவதுலயே நிறுத்தி வெளிய அனுப்பிட்டாங்க. என்னால ஓட்ட முடியும்னு சொல்லியும் கேக்கல. இது நியாயமா?

நியாயந்தான் தம்பி, விதி அப்படி. எக்ஸ்சிஓங்கறது ஒரே சுத்த திரும்பத் திரும்ப ஓட்டறது. மொதல்ல போறவர் மொத லேப்புக்கு எடுத்த நேரத்துல 80 சதவீதம் நீங்க பின்தங்கிட்டா எடுத்துருவாங்க. அவர் 15 நிமிசத்துல சுத்துனார்னா, நீங்க 12 நிமிசம் பின்னாடி இருந்தா அவ்வளவுதான். ஒத்தையடித் தடத்துல முன்னால போறவர் உங்கள வந்து முட்டாம இருக்கறதுக்காக வெச்சது. அதுவரைக்கும் ஓட்டுன லேப்ப கணக்குல எடுத்து இடம் குடுப்பாங்க, அவமானம் ஒண்ணும் இல்ல.

மொத ஏத்தத்துலயே மூச்சு வாங்குதுன்னும் எழுதிருக்கீங்க. எக்ஸ்சிஓல ஸ்டார்ட் வேகமாத்தான் இருக்கும், ஏன்னா தடம் குறுகிருச்சுன்னா முந்த முடியாது. ஆறிப்போன ஒடம்போட கோட்டுல நிக்காதீங்க, 20 நிமிசம் முன்னாடியே வண்டியேறி வேர்க்கற அளவுக்கு ஓட்டிருக்கோணும். வாரத்துல ஒரு நாள் 4 நிமிசம் பேச முடியாத அளவுக்கு, 3 நிமிசம் மெதுவா, இப்படி நாலு தடவை. சென்னிமலை ரோடாட்டம் ஏத்தம் இருந்தாப் போதும். இன்னொரு நாள் ரெண்டரை மூணு மணி நேரம் பேசிட்டே ஓட்டற வேகத்துல. மத்த நாள் லேசா. தெனமும் மூச்சு முட்ட ஓட்டறவங்கதான் மூணு மாசத்துல விட்டுட்டுப் போறாங்க.

கேள்வி (கோயம்புத்தூர்): மாங்கரை, ஆனைகட்டி பக்கம் காட்டுக்குள்ள ஒத்தையடிப் பாதை பாத்தேன். வெடியால போலாமா?

போகாதீங்க. காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம போறது குத்தம். அதுக்கும் மேல, சைக்கிளுக்கு சத்தம் கெடையாது. வண்டிச் சத்தம் கேட்டா ஆனை ஒதுங்கும், நீங்க 20 கிலோமீட்டர் வேகத்துல வளைவு திரும்பி நேரா அதும்மேல போயி நிப்பீங்க. ஆனையோட குட்டி இருந்தா சொல்லவே வேண்டாம். இதயே ஒவ்வொரு தடவையும் சொல்றேன், சொல்லிட்டேதான் இருப்பேன்.

கேள்வி (கோபி): 38 வயசு, ரெண்டு குழந்தைங்க. இப்ப ஆரம்பிக்கலாமுங்களா?

வாங்க அக்கா, தாராளமா. வாய்க்கால் கரையில ஆரம்பிங்க, கீழ்பவானி வாய்க்கால் உங்க பக்கமே போகுது, சமமான மண்ணுத் தடம். சீட்டு உயரத்த மட்டும் மொத நாளே சரி பண்ணிருங்க. கால் இடுக்குல இருந்து தரை வரைக்கும் செருப்பில்லாம அளந்து 0.883ஆல பெருக்குங்க, 76 சென்டிமீட்டர்னா 67 வரும். ரெண்டு பெடல் கையும் சேந்து சுத்தற நடு அச்சு (பாட்டம் ப்ராக்கெட்) மத்தியில இருந்து சீட்டு மேல்மட்டம் வரைக்கும் அந்த அளவு. தாழ்வா வெச்சு ஓட்டித்தான் முழங்கால் போகுது.

கேள்வி (தாராபுரம் பக்கம்): தம்பி, நான் சைக்கிள் ஓட்டறவன் இல்ல, விவசாயி. ரெண்டு ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி பத்து பன்னெண்டு பேரு கலர் கலரா சட்டை போட்டுட்டு எங்க இட்டேரில வந்தாங்க. ஆடு மேயற கொறங்காட்டு வேலிப் படல தொறந்துட்டு மூடாம போயிட்டாங்க. ஆடு பூராம் பக்கத்துத் தோட்டத்துச் சோளத்துல எறங்கிருச்சு. யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல, பையன் இங்க கேக்கச் சொன்னான்.

அய்யா, மன்னிச்சுக்கோங்க. அது எங்க ஆளுகளான்னு விசாரிக்கறேன், இல்லைன்னாலும் இதே சட்டை போடறவன்கற மொறையில எனக்கும் பொறுப்பு இருக்கு. எந்தத் தோட்டத்துல நட்டம்னு சொல்லுங்க, நேர்ல வந்து பாக்கறோம்.

மத்தவங்க எல்லாரும் கேட்டுக்கோங்க. படல் தொறந்திருந்தா தொறந்தே விடோணும், சாத்திருந்தா சாத்தோணும். கொறங்காடுன்னா சும்மா கெடக்கற பூமி இல்ல. கொழுக்கட்டைப்புல்லு, வெள்வேலா மரம், சுத்தி கிளுவை வேலி, இத வெச்சுத்தான் காங்கயம் மாடும் ஆடும் காலங்காலமா மேயுது. மாட்டுக்காரர் பின்னாலயே நிக்காம இருக்கறதுக்குத்தான் வேலியும் படலும்.

கேள்வி (கோயம்புத்தூர்): படல் மூடாதது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா இட்டேரி பொதுப்பாதைங்க. சர்வே வரைபடத்துல வண்டிப்பாதைன்னு இருக்கறதுல ஓட்ட யாரக் கேக்கோணும்?

சிலது வண்டிப்பாதை புறம்போக்கு, சிலது பட்டா பூமிக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்த தடம். ஓட்டறப்ப எது எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சரி, பொதுன்னே வெச்சுக்குவோம். எருவண்டியும் மாடும் போயி வர்றதுக்கு ரெண்டு பக்கமும் அவங்கவங்க பூமிய ஒதுக்கி வேலி வெச்ச தடம் அது. கள்ளி, சூரை, பிரண்டை, நொச்சி, அதுக்குள்ள கௌதாரி, காடை, கீரி. எத்தனையோ இட்டேரிய அழிச்சு கம்பி வேலி போட்டுட்டாங்க, மிச்சம் இருக்கறது மிச்சம் வெச்சவங்க தயவுல இருக்கு. நாளைக்கே ஒருத்தர் கடுப்பாகி நடுவுல முள்ள வெட்டிப் போட்டா, வரைபடத்த வெச்சுட்டு நாம என்ன பண்ணுவோம்?

அதே ஆள்: அப்ப ஒவ்வொரு தோட்டத்துலயும் நின்னு அனுமதி கேட்டுட்டே போனா ரைடு எப்ப முடியறது?

முடியும். ஊருக்குள்ள மொத தடவை போறப்ப சாளையில (தோட்டத்து வீட்டுல) இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்தை, “ஏனுங்க, இப்படிப் போலாமுங்களா”, அவ்வளவுதான். 11 வருசத்துல வேண்டாம்னு சொன்னவங்க ரெண்டே பேரு. போங்கன்னு சொன்னவங்க பெரும்பாலும் இன்னொண்ணும் சொல்லுவாங்க: “மேக்கால போகாதீங்க, கெணறு இருக்கு.”

அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெறுமானம்னு கேளுங்க. நாலு வருசத்துக்கு முன்னாடி காங்கயத்துக்குத் தெக்கால, நாங்க யாரையும் கேக்காம ஒரு தடத்துல எறங்கிட்டோம். எனக்கு முன்னால ஒரு பையன், 19 வயசு, நல்ல வேகம். தடம் இடது பக்கம் திரும்புது, புல்லு மூடிருந்ததுல அவன் நேரா போனான். திடீர்னு ப்ரேக். முன் சக்கரத்துக்கு முழ தூரத்துல பூமி இல்ல. சுவரே இல்லாத கெணறு, பாறைய வெட்டுனது, ஓரத்துல ஆவாரம்பூ பூத்துருக்கு. அவன் டயர் தள்ளுன சரளை உருண்டு விழுந்துது, நாங்க அங்கயே நின்னோம், ரொம்ப நேரங்கழிச்சுத்தான் தண்ணியில விழுந்த சத்தம் கேட்டுது. பையன் வண்டிய விட்டு எறங்கவே இல்ல, கை லீவர விடல. நாந்தான் வெரல ஒவ்வொண்ணா பிரிச்சேன்.

அதனால தெரியாத தடத்துல பார்வைக்கு எட்டற தூரத்துக்குள்ள நிக்க முடியற வேகந்தான். தடம் கண்டுபுடிச்சா அத ஸ்ட்ராவா ஆப்புல, யாரு வேகம்னு நேரம் பாக்கற செக்மென்டா போட்டு ரேஸ் விடாதீங்க. ஆடு மாடு போற தடத்துல கடிகாரம் வெச்சு ஓட்டாதீங்க, போட்டிக்கு ரேஸ் இருக்கு.

கேள்வி (உடுமலை): நான் அந்த ரைடுல இருந்தேன். படல் கடைசியா வந்தவங்க மூடுவாங்கன்னு எல்லாரும் நெனச்சுட்டோம். தப்புதான்.

சொன்னதுக்கு நன்றி தம்பி. வர்ற ஞாயிறு அய்யாவப் பாக்க நீங்களும் என்கூட வாங்க. இனிமே யாரு தொறக்கறாங்களோ அவங்களே நின்னு, எல்லாரும் தாண்டுனதும் சாத்திட்டு வருவாங்க. முன்னால போறவங்க அவங்களுக்காக நிப்பாங்க.

விவசாயி அய்யா: நட்டம் பெருசா இல்ல தம்பி, சோளத்தட்டுத்தான். வரும்போது சத்தம் குடுத்துட்டு வாங்க, ஆடு மெரளுது.

பெல் மாட்டிட்டு வர்றோமுங்க. நன்றிங்க அய்யா.

கேள்வி (பொள்ளாச்சி): செயினுக்கு வண்டி எஞ்சின் பழைய ஆயில் ஊத்தலாமா?

கூடாது. அது மண்ணப் புடிச்சு அரைக்கற கல்லாட்டம் ஆயிரும். காஞ்ச தடத்துக்குன்னே வர்ற மெழுகு லூப் (செயினுக்குப் போடற வழவழப்பு), ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, அப்பறம் துணியில தொடைங்க. ஸ்ப்ரே அடிச்சு டிஸ்க்குல பட்டுச்சுன்னா பேட் வீணாப் போயிரும்.

கேள்வி (சூலூர்): மழைக்கு அடுத்த நாள் கரிசல் காட்டுல ஓட்டுனேன், சக்கரமே சுத்தல. என்ன டயர் போடறது?

எந்த டயரும் நிக்காது. ரெண்டு நாள் காய விடுங்க, அதுவரைக்கும் செம்மண் பக்கம் போங்க. ஈரக் கரிசல்ல ஓட்டுனா தடமும் பள்ளம் பள்ளமா காஞ்சு மாட்டுவண்டிக்கும் ஆகாம போயிரும்.

கேள்வி (நாமக்கல்): ஏத்தத்துல நெஞ்சு அடைக்கறாப்ல இருக்கு, ட்ரெய்னிங் மாத்தணுமா?

ட்ரெய்னிங்க விடுங்க. வண்டியத் தொடாம நாளைக்கே டாக்டரப் பாருங்க.

கேள்வி (கரூர்): 30 ஆயிரத்துல...

மேல பாருங்க தம்பி. கேசட், ஹைட்ராலிக், ஃப்ரேம் அளவு.

கேள்வி (பல்லடம்): ஆடி மாசம் காத்துல எந்தப் பக்கம் ஓட்டறது?

பாலக்காட்டுக் கணவாய் வழியா மேக்கால இருந்து அடிக்கற காத்து அது, பொழுது ஏற ஏறக் கூடும். வெடியால ஆறு மணிக்கே மேக்கால பாத்து கெளம்புங்க, ஒம்பது மணிக்கு திரும்பறப்ப காத்து முதுகுல இருக்கும்.

கேள்வி (காங்கயம்): ஞாயிறு எத்தனை மணிக்குங்ணா?

5.45, பஸ் ஸ்டாண்டு டீக்கடை. மொத தாராபுரம் போயி அய்யாவப் பாக்கறோம், அப்பறந்தான் ரைடு. ஹெல்மெட், ரெண்டு லிட்டர் தண்ணி, ஒரு டியூப், ஒரு பெல்லு. சனிக்கெழமை ராத்திரியே சீலன்ட் குலுக்கிப் பாத்துருங்க.