சாவி வாங்கும் நேரத்தில் கூடுதல் பில்

கேள்வி: லண்டனில் லீஸ்ஹோல்ட் (நீண்டகாலக் குத்தகை உரிமை) பிளாட் வாங்குகிறோம். முதலில் கட்டணம் 1,200 பவுண்டு என்ற சொலிசிட்டர் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வக்கீல்), கடைசி வாரத்தில் 2,050 கேட்கிறார். கட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, ஹாரோ

பதில்: பதறாதீர்கள் அம்மா. ஆரம்பத்தில் தந்த கட்டணக் கடிதத்தையும் பில்லையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பாருங்கள். கவுன்சில் சேர்ச் (வீட்டைப் பற்றி உள்ளாட்சிப் பதிவுகளில் தேடுவது), லேண்ட் ரெஜிஸ்ட்ரி (சொத்துப் பதிவு அலுவலகம்) கட்டணங்கள் அவர் நமக்காக வெளியே கட்டுபவை; அவருடைய கட்டணத்துக்கு 20 சதவீத வாட் (VAT) வரியும் உண்டு. 1,200-இல் இவை சேர்ந்திருந்தனவா?

நான் வாங்கியபோது, அப்பா தந்த முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சரிபார்த்ததற்கு 150 பவுண்டு என்று ஒரு வரி இருந்தது. மனசு கொதித்துவிட்டது. 'இதை எப்போது சொன்னீர்கள்?' என்று மின்னஞ்சலில் கேட்டேன். அப்புறம் கழித்துவிட்டார்கள்.

நீங்களும் எழுத்திலேயே கேளுங்கள். சாவி வாங்கும் நாள் தள்ளிப்போகும் என்றால், ஆட்சேபத்தை எழுதிவைத்துவிட்டுக் கட்டுங்கள். சொலிசிட்டரிடமே முறைப்படி புகார் கொடுத்து 8 வாரத்தில் தீராவிட்டால் லீகல் ஆம்பட்ஸ்மனிடம் (வக்கீல்கள் மீதான புகார்களை விசாரிக்கும் அமைப்பு) போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை.