சிப்பிப்பாறைக்கு வெயில் சுடாதா?

அன்புள்ள ஐயா,

வைகாசியில் சங்கரன்கோவில் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயில் கொடை விழா. தாம்பரத்திலிருந்து காரில் போகிறோம். எங்களிடம் நாலு வயது சிப்பிப்பாறை நாய் ஒன்று இருக்கிறது. இங்கே விட்டுப்போனால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ரயிலில் கார்டு (guard) பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில் ஏற்றவும் மனம் வரவில்லை. "அதோட சொந்த ஊரே அந்தப் பக்கம்தான், வெயில் ஒண்ணும் செய்யாது" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டிப் போகலாமா?

ர., தாம்பரம்

அன்புள்ள ர.,

கூட்டிப் போகலாம், பகல் வெயிலில் மட்டும் வேண்டாம். நீங்கள் பயப்படுவது நியாயம்தான்.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. கரிசல் காட்டில் முயல் விரட்டிய இனம் அது. ஒட்டிய வயிறு, குட்டை மயிர், நீண்ட மூக்கு. சப்பை மூக்குள்ள பக் நாய்க்கு வருகிற மூச்சுத்திணறல் இதற்கு எளிதில் வராது. ஆனால் அந்த ஊர் நாய் மே மாத மதியத்தில் என்ன செய்கிறது என்று பாருங்கள். வேப்பமரத்தடியில் மண்ணைப் பறித்து, உள்ளே இருக்கும் குளிர்ந்த மண்ணில் வயிற்றை அழுத்திப் படுத்திருக்கும். நிழல் நகர நகர அதுவும் நகரும். வெயிலைத் தாங்குகிறது என்று நாம் நினைக்கும் நாய் பெரும்பாலும் வெயிலுக்கே வராமல் தப்பித்துக்கொள்கிறது. காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. அதன் பிறகு நிழலும் காற்றும் நீங்கள் கொடுத்தால்தான் உண்டு.

நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றில் ஈரம் கூடினால் எவ்வளவு இரைத்தும் பலிக்காது. மூடிய காருக்குள் அதன் மூச்சே ஈரத்தைக் கூட்டும். சாதாரணமாக 38.5 டிகிரி அளவில் இருக்கும் உடல் சூடு 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

போன கோடையில் திருச்சி நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டல் வாசலில் ஒரு லாப்ரடாரைப் பார்த்தேன். எஞ்சின் அணைத்த கார், நாலு விரல் இறக்கிய கண்ணாடி. அந்த இடுக்கில் மூக்கைச் செருகிக்கொண்டு நின்றது. நாக்கு நுனி அகன்று சட்டுவம் போல ஆகியிருந்தது, கண்ணாடி முழுக்க எச்சில் கோடு. காவலாளியைக் கூப்பிட்டு உரிமையாளரை வரவழைத்தோம். "பத்து நிமிஷம்தான் சார் ஆச்சு" என்றார். அன்பில்லாதவர் இல்லை, ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி சூடேறியது. அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணிக்குள். கண்ணாடியைச் சற்றே இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே சாப்பிட இறங்கும்போது உங்களில் ஒருவர் நாயோடு இருந்தே ஆக வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் திருச்சி. அங்கே நாயை அனுமதிக்கும் அறையை முன்கூட்டியே பேசிவைத்து, மாலை ஐந்து வரை தங்குங்கள். அப்புறம் மதுரை, ராஜபாளையம் வழியாகப் போனால் இரவு பத்துக்குள் ஊர். டிக்கிப் பக்கம் ஏசி சரியாக எட்டாது, பின் சீட்டில் படுக்கட்டும். வாய்க்கட்டு வேண்டாம், இரைக்க முடியாது. சாப்பாட்டைக் கிளம்புவதற்கு முந்தின இரவே முடித்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக. நாயை வண்டியிலிருந்து இறக்கிவிடும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழெட்டு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்களை வெட்டிய பிறகு நிழல் கிடைப்பதே அரிது. சாலை நடுவே வைத்திருக்கும் அரளியில் வாய் வைக்க விடாதீர்கள், அது விஷம்.

எச்சில் நூல்போலக் கெட்டியாகி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அங்கேயே வண்டியை நிறுத்துங்கள். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி, சூட்டைக் குறைத்தபடியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

ஊருக்குப் போனபின் கொடைக்கு அழைத்துப் போகாதீர்கள். வேட்டுச் சத்தத்தில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் பழகாத ஊரில் திரும்பி வர வழி தெரியாது. யார் வீட்டிலாவது உள் அறையில், பழகிய ஒருவர் துணையோடு இருக்கட்டும்.