பீஹைவ் கொண்டை யார் கைவேலை?

வணக்கம். 1960களின் அமெரிக்கப் படங்களில் பெண்கள் தலையில் கோபுரம் மாதிரி நிற்கும் பீஹைவ் கொண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உள்ளே டோப்பா வைத்தால்தான் அந்த உயரம் வரும் என்கிறாள் என் அக்கா. ஹாலிவுட் நடிகைக்காகவே அதை உருவாக்கினார்கள் என்றும் சொல்கிறாள். உண்மையா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நடிகைக்காக உருவானதில்லை. ஆட்ரி ஹெப்பர்ன் அந்தச் சாயலில் தலை வாரி நடித்த படம் வந்தது 1961இல். கொண்டை அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. அதைச் செய்தவர் மார்கரெட் வின்சி ஹெல்ட். சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில் சொந்தமாக சலூன் நடத்திய சிகையலங்காரக் கலைஞர். இந்தப் பெயரைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

'மாடர்ன் பியூட்டி ஷாப்' என்ற தொழில் பத்திரிகை, புதிதாக ஏதாவது செய்து தரச்சொல்லி அவரிடம் கேட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பாட்டு போட்டுக்கொண்டு, ஒரு பொம்மைத் தலையை வைத்து வேலையை ஆரம்பித்தார். அவரிடம் கறுப்பு வெல்வெட்டில் ஒரு சின்னத் தொப்பி இருந்தது. அதைக் கழற்றும்போது முடி கலையக் கூடாது, தொப்பியின் வடிவத்திலேயே நிற்க வேண்டும்: அவர் யோசித்தது இதைத்தான். அந்தத் தொப்பியில் இருந்த தேனீ மாதிரியான அலங்காரத்தை முடியில் வைத்துப் பார்த்தபோதுதான் பீஹைவ், அதாவது தேன்கூடு என்ற பெயரும் வந்தது.

இனி அந்த உயரத்துக்கு வருகிறேன். முதலில் பெரிய ரோலர்களில் சுற்றி முடியைக் காயவிடுவார்கள். அப்புறம் உச்சந்தலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கற்றையை எடுத்து நேராக மேலே தூக்கிப் பிடித்து, சீப்பை நடுவில் வைத்து வேரை நோக்கிச் சின்னச் சின்னதாகத் தள்ள வேண்டும். பேக் கோம்பிங் என்பது இதுதான். நாலைந்து தள்ளில் அடிமுடி சிக்குண்டு மெத்தை மாதிரி ஆகிவிடும். அடுத்த கற்றை அதன்மேல் சாயும். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் முடியே முடியைத் தாங்கும். முன்பக்கத்து முடியை மட்டும் சிக்காக்காமல் விட்டுவைத்து, கடைசியில் மேலே போர்த்தி, மெல்லிய பிரஷ்ஷால் வழவழவென்று நீவி, பின்னால் ஊசி குத்தி, ஹேர் ஸ்ப்ரே அடிப்பார்கள். முடி மெலிந்தவர்கள் டோப்பா சேர்த்ததும் உண்டு. அந்த அளவில் உங்கள் அக்கா சொல்வது சரி.

பல பெண்களுக்கு இது ஒரு வாரக் கொண்டை. ராத்திரி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு தூங்கி, அடுத்த வாரம் சலூனுக்கு வருவார்கள். அதுவரை கழுத்துக்கு மேலே கணவர் கை படக்கூடாது என்று மார்கரெட் வாடிக்கையாளர்களிடம் சொல்லி அனுப்புவாராம். 2016இல், 98 வயதில் காலமானார்.

நீங்கள் போட்டுப் பார்த்தால், பிரிக்கும்போது நுனியிலிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். வேரிலிருந்து இழுத்தால் முடி அறுந்துவிடும்.