பதில்: ஆரம்ப சுகாதார நிலையம் அறக்கட்டளையிடம் போகிறதா?

வணக்கம் ஐயா. மேலூர்ப் பக்கம் தங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது, யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

கைமாறுவது எது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். துப்புரவையும் காவலையும் ஒப்பந்தத்தில் விடுவது வேறு. மருத்துவர் நியமனமும் கட்டண நிர்ணயமும் வெளியாரிடம் போவது முற்றிலும் வேறு. ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.

அறக்கட்டளை என்றாலே அஞ்சவும் வேண்டாம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டே ஏழைகளுக்கு இலவச சிகிச்சை அளித்து வளர்ந்தது. ஆனால் கண்புரை அறுவைக்கு நாள் குறிக்கலாம்; நள்ளிரவுப் பிரசவமும் பாம்புக்கடியும் நாள் பார்த்து வருவதில்லை, அவற்றில் வருவாயும் இல்லை. ஆகவே இரவுப்பணிச் செவிலியருக்கும் விஷமுறிவு மருந்து இருப்புக்கும் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள்.

ஒப்பந்ததாரரும் அதிகாரிகளும் பேசி முடித்த பிறகு மனு கொடுப்பதில் பெரிய பயனிருக்காது (ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ரசீது கிடைக்கும், அவ்வளவுதான்). அதற்கு முன்பே, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். வாசகம் முழுவதும் பதிவேட்டில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பின்னரே கையெழுத்திடுங்கள்.