சோலார் ஹீட்டர் வைப்பதாக இருந்தால் யுபிவிசி மட்டும் போதாது

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் கட்டும் மாடி வீட்டுக்கு முழுக்க யுபிவிசி (சாதாரண கெட்டி பிளாஸ்டிக்) பைப்பே போதும் என்று பிளம்பர் சொல்வதாகவும், பின்னால் சோலார் ஹீட்டர் வைக்கும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒத்துக்கொள்ளாதீர்கள். யுபிவிசி பச்சைத் தண்ணீருக்குத்தான். வெந்நீர் பட்டால் இளகி, ஜாயிண்ட் விட்டுவிடும். சுவருக்குள் போகும் வெந்நீர் லைனுக்கு ஐஎஸ் 15778 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள சிபிவிசி, அதாவது வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் பைப் போடுங்கள். 93 டிகிரி வரை தாங்கும். ஹீட்டரை ஒட்டிய முதல் சில அடி மட்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பாக இருக்கட்டும், வெயில் நாளில் அங்கே சூடு எக்கச்சக்கம்.

பசையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. சிபிவிசிக்கு அதற்கென்றே உள்ள சொல்யூஷன்தான். பிவிசி பசையைத் தடவ விடாதீர்கள். குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை உள்ள பிட்டிங்ஸ் கேளுங்கள்.

மொட்டைமாடியில் வெளியே தெரியும் பைப்புக்கு நம்மூர் வெயிலுக்குத் தண்ணீரில் கலக்கும் வெள்ளைப் பெயிண்ட் அவசியம், ஆயில் பெயிண்ட் வேண்டாம். கழிவுக்கு எஸ்டபிள்யூஆர் என்கிற வடிகால் பைப்பில் பி டைப். மழைத்தண்ணீருக்கு ஏ டைப் போதும்.

அப்புறம், பூச்சு வேலைக்கு முன்னால் பிரஷர் டெஸ்ட் (பைப்பில் அழுத்தத்தோடு தண்ணீர் ஏற்றி, கசிகிறதா என்று பார்ப்பது) பண்ணச் சொல்லி, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.