பாறையேற்றத்திற்கான முதல் காலணியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

உள்ளரங்கப் பாறையேற்றப் பயிற்சிச் சுவரில் வாடகைக் காலணியுடன் இரண்டு மாதம் பழகிவிட்டு, அடுத்து கர்நாடகத்தின் ஹம்பிப் பாறைகளில் ஏறப் போகவிருக்கும் நீங்கள், முதல் காலணி எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். விரல்கள் வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக வாங்கச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். கட்டைவிரல் காலணியின் முனையைத் தொட்டபடி, விரல்கள் நேராகவோ சற்றே மடங்கியோ இருந்தால் போதும். குதிகாலில் மட்டும் வெற்றிடம் இருக்கக் கூடாது.

பகல் முழுவதும் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால், மாலையில், காலுறையில்லாமல் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து, ஒரு மெல்லிய விளிம்பில் கட்டைவிரல் பகுதியை மட்டும் ஊன்றி முழு எடையையும் ஏற்றி நில்லுங்கள். கால் உள்ளே புரண்டால் காலணி தளர்வு. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாரைக் காலணியின் விளிம்பு அறுத்தால், அந்த வடிவமே உங்கள் காலுக்கு ஒத்துவராது என்பதால், வேறு அளவைத் தேடாமல் வேறு மாதிரியைத் தேடுங்கள்.

உள்துணியில்லாத தோல் காலணி நாளடைவில் ஏறக்குறைய ஒரு சைஸ் வரை நெகிழும். செயற்கைத் தோல் அவ்வளவு நெகிழாது.

முனை கீழ்நோக்கி வளைந்த காலணிகள், ஏறுபவரின் பக்கம் சாய்ந்து கவிந்து நிற்கும் பாறைகளுக்கானவை; உங்களுக்குத் தட்டையான அடிப்பகுதியே ஏற்றது. தொடக்கத்தில் எல்லோரும் காலைப் பாறையில் உரசி இழுப்போம் என்பதாலும், ஹம்பியின் கருங்கல் அரம்போலச் சொரசொரப்பானது என்பதாலும், 4 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள ரப்பரைத் தேர்ந்தெடுங்கள். முனையில் ஓட்டை விழுவதற்கு முன்பே பழுதுபார்க்கக் கொடுத்தால், அடி ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.