மாங்காய் ஊறுகாய்: செலவு எங்கே கூடுகிறது?

மாங்காய் சீசனில் போட்டால் வீட்டு ஊறுகாய்தான் மலிவு. மற்ற மாதங்களில் கடை பாட்டிலோடு போட்டி போட முடியாது. கீழக்கரையிலிருந்து கேட்ட நீங்களோ, சீசனிலேயே வீட்டில் போட்டும் செலவு கடை விலையைத் தாண்டியது என்கிறீர்கள். அநேகமாக நல்லெண்ணெய்தான் காரணம். கடை பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள், பலவற்றில் மலிவான வேறு எண்ணெய் இருக்கும்.

இன்னொன்று, கிலோவுக்கு எவ்வளவு ஆனது என்று பார்க்க மொத்தச் செலவை மாங்காய் எடையால் வகுக்காதீர்கள். ஊறி முடிந்ததை எடை போட்டு அதால் வகுங்கள். எண்ணெயும் உப்பும் சேர்ந்ததல்லவா ஊறுகாய்!

மிளகாய்த்தூள் பாக்கெட் வேண்டாம். நம்ம ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. சந்தையில் வாங்கிக் காயவைத்து அரையுங்கள்.

ஆனால் மிச்சம் பிடிக்க எண்ணெயைக் குறைக்காதீர்கள். கடலோர ஈரக்காற்றில் துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலைகாட்டினால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். எனக்கு அப்படி ஒரு ஜாடி முழுக்கப் போனது.